ஐந்து இருபதிலிருந்து ஆறு வரை

அந்த ஆஸ்பத்திரியில் நூற்றுப் பன்னிரண்டு நர்சுகள். அவர்களில் யார் எந்த இரவு தூங்கலாம், யார் எந்த மதியம் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யார் எந்த ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு நிதானமாகச் சண்டை போடலாம் என்பதையெல்லாம் முடிவு செய்பவள் ஒருத்தி. நர்சு அல்ல, டாக்டரும் அல்ல. இரண்டாம் மாடியில், லிப்டுக்கும் துணி அறைக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத அறையில் பென்சிலும் அடிமட்டமுமாக உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா. டூட்டி சார்ட் போடுகிறவள். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. பெரிய டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் சார்ட்டக்கா.

சார்ட் என்றால் மேஜையை மறைக்கிற அளவுக்குப் பெரிய தாள். இடப்பக்கம் பெயர்கள், மேலே தேதிகள், நடுவில் கட்டங்கள். காலைக்கு 'கா', மதியத்துக்கு 'ம', இரவுக்கு 'இ', ஓய்வுக்கு 'ஓ'. கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் அதில் ஏற்றுவதற்கு முன் பென்சிலில் போட்டுப் பார்த்தால்தான் அவளுக்குக் கை வரும். வியாழக்கிழமை மாலை வரை பென்சில். அதற்குப் பிறகு அதே எழுத்தின் மேல் பேனா. பேனா பட்ட கட்டத்தை ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது என்பது வார்டுகளில் வழங்கும் பேச்சு.

ஊழியர்களுக்கான வருடப் பரிசோதனையில்தான் விஷயம் வெளியே வந்தது. சர்க்கரை டாக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"என்ன சார்ட்டக்கா, உங்க கணையம் உங்ககிட்ட கேக்காமயே லீவுல போயிடுச்சு போலிருக்கே. மூணு மாச சராசரி எட்டு புள்ளி ஒண்ணு."

"மாத்திரை விடாம போடறேன் டாக்டர்."

"மாத்திரை அதோட வேலையைச் செய்யுது. உடம்பு செய்யல. தினம் நாப்பது நிமிஷம் நடங்க. முட்டி வலின்னா சைக்கிள் மிதிங்க. மூணு மாசம் பாப்போம். குறையலேன்னா ஊசிதான்."

"நேரம் எங்க டாக்டர் இருக்கு?"

"நேரம் யாருக்குத்தான் இருக்கு? நாமதான் உண்டாக்கணும்" என்றார் டாக்டர். சொன்னவருடைய வயிறு மேஜை இழுப்பறையைத் திறக்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. ஒரு மாடி இறங்குவதற்கும் லிப்டுக்குக் காத்திருக்கிற மனிதர்.

ஊசி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். தன் அம்மாவுக்குக் கடைசி ஆறு வருடம் ஊசி போட்டவள் அவள்தான். இன்றைக்கு எந்த இடத்தில் குத்துவது என்று அந்த வயிற்றில் தடவித் தடவித் தேடியது விரல் நுனியில் இன்னும் இருந்தது.

சைக்கிள் தானாக வந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பெண் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, "இதை யாருக்கும் குடுக்க மனசு வரல, நீங்க வச்சுக்கோங்கக்கா" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். பச்சை நிறம். முன்னால் குறுக்குக் கம்பி இல்லாத வண்டி. பன்னிரண்டு வயதில் ஓட்டியதோடு சரி. முதல் நாள் ஆஸ்பத்திரிப் பின்வாசலில் ஏறினபோது ஆம்புலன்ஸ் டிரைவர்கள் மூன்று பேர் கைதட்டினார்கள். "விழுந்தாலும் பயமில்லக்கா, வண்டி ரெடியா இருக்கு" என்றான் ஒருவன்.

நேரத்துக்குத்தான் வழி தேட வேண்டியிருந்தது. அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. பழைய சார்ட் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டாள். விடிகாலை நாலு ஐம்பதிலிருந்து இரவு பத்தரை வரை, அரை மணிக்கு ஒரு கட்டம். எந்தக் கட்டத்தை யார் தின்கிறார்கள் என்று முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டே வந்தாள். மாமியாருக்கு வெந்நீர், மாத்திரை, குளியல். புருஷனுக்குச் சாப்பாட்டு டப்பா. மகளுக்குச் சாப்பாட்டு டப்பா, அது சரியில்லை என்ற புகார், அந்தப் புகாருக்குச் சமாதானம். ஆஸ்பத்திரி. பஸ். மறுபடி சமையல். பாத்திரம். துணி. தாள் நிரம்பியது. அவளுடைய எழுத்துக்கு ஒரு கட்டம்கூட மிஞ்சவில்லை.

கடைசியில் ஒரே ஒரு இடம் அகப்பட்டது. தூக்கம். இன்னும் அரை மணி முன்னால் எழுந்து, காயை முந்தின நாளே நறுக்கி வைத்துவிட்டால் ஐந்து இருபதிலிருந்து ஆறு வரை காலி. யாருடைய கட்டத்தையும் பிடுங்கவில்லை. தன் இமையிலிருந்து பிய்த்து எடுத்தது. புதிதாக ஒரு தாளில் வீட்டுக்கென்று சார்ட் போட்டு, அந்தக் கட்டத்தில் பேனாவாலேயே எழுதினாள்: 'சைக்கிள் (சர்க்கரை)'. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

புருஷன் லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். நல்ல மனிதர். கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை, தட்டு எடுத்து வைத்ததுமில்லை. தாளைப் படித்துவிட்டு, "ஆபீஸை வீட்டுக்கே கொண்டாந்துட்டியா?" என்று சிரித்தார்.

முதல் மூன்று வாரம் அவளுக்கு யாரிடமும் சொல்லத் தெரியாத மூன்று வாரம். அடைத்த கடைகளைத் தாண்டி, பத்திரிகைக் கட்டுகளைத் தரையில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருக்கும் ஆட்களைத் தாண்டி, ரொட்டி வண்டியின் வாசனைக்குள் புகுந்து வெளியே வந்தால் கால்வாய் ஓரச் சாலை. நீரேற்று நிலையம் வரை மூன்றரை கிலோமீட்டர், நேர்க்கோடு. பெருக்குகிறவர்கள் தூசியைக் கிளப்பாமல் ஒரு நொடி துடைப்பத்தை நிறுத்தி அவளுக்கு வழிவிட்டார்கள். அங்கே அவள் சார்ட்டக்கா இல்லை, அம்மா இல்லை, 'ஏம்மா' இல்லை, 'எங்கம்மா வச்ச?' இல்லை. நாற்பது நிமிடம் ஒருவரும் கூப்பிடவில்லை. பாலத்து இறக்கத்தில் ஒருநாள் இரண்டு காலையும் மிதியிலிருந்து எடுத்து நீட்டிவிட்டாள். வண்டி தானாகப் பறந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நடைபாதையில் படுத்திருந்த நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்து, இது நமக்கு வேண்டாத விவகாரம் என்று மறுபடி படுத்துக்கொண்டது.

ஊசிக்குப் பயந்துதான் தொடங்கினாள். மூன்றாவது வாரத்தில் ஊசி ஞாபகத்திலேயே இல்லை. அந்த நாற்பது நிமிடம் கையை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். போனால் தாங்க முடியாது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நாலாவது வாரம் மாமியார் ஆரம்பித்து வைத்தாள்.

"போறதுதான் போற. வரும்போது ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துடேன். ஏழு மணிக்கு வர்ற பால் கசக்குது."

பால்தானே. மறுக்க என்ன இருக்கிறது? பால் கடை கால்வாய்ச் சாலையில் இல்லை, எதிர்ப்பக்கம் இருக்கிறது என்பதுதான் சங்கதி. நீரேற்று நிலையத்தை எட்டாமல் பாலத்திலேயே திரும்பினாள்.

அடுத்து மகள். கல்லூரியில் கடைசி வருடம். "அம்மா, போறதுதான் போற, இந்த ரெக்கார்டு நோட்டை என் ஃபிரெண்டு வீட்டு கேட்ல போட்டுடும்மா. அவ காப்பி பண்ணணும். ப்ளீஸ்மா, செல்லம்ல?"

அடுத்து புருஷன். "போறதுதான் போற, இந்தச் சின்ன டப்பாவை பஸ் ஸ்டாண்டுல நம்ம மெக்கானிக் நிப்பான், அவன் கையில குடுத்துடு. ரிலே. இது போனாத்தான் அங்க ஒரு லிப்டு மேல போகும். எட்டு மாடி ஜனம் உன்னை வாழ்த்தும்."

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே யாரும் எதையும் பிடுங்கவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் பொடி எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதினார்கள். பால். ரொட்டி. அக்கா வீட்டுச் சாவி. இஸ்திரித் துணி. மூன்று பேர் கையெழுத்துக்கும் நடுவில் 'சைக்கிள்' என்ற வார்த்தை நெரிசல் பஸ்ஸில் மாட்டிக்கொண்ட கிழவர் மாதிரி மூச்சு முட்டி நின்றது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் நாத்தனாருக்கும் செய்தி போய்விட்டது. "தம்பி பொண்டாட்டி விடிகாலையில சும்மாத்தான் சுத்துதாம்" என்று அவளும் ஒரு பட்டியல் அனுப்பினாள்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது மூன்று பேரும் வாசலில் நின்றார்கள், மாமியார் ஊன்றுகோலோடு. "கண்ணை மூடும்மா" என்றாள் மகள். கண்ணைத் திறந்தால் சைக்கிளுக்கு முன்னால் பெரிய கம்பிக் கூடை. பின்னால் கேரியர். புருஷன் லீவு போட்டு, கையில் கிரீஸ் அப்பிக்கொண்டு தானே பொருத்தியிருந்தார்.

"கையில தொங்கவிட்டுக்கிட்டு கஷ்டப்படறியேன்னுதான்" என்றார். முகமெல்லாம் மலர்ச்சி.

இதற்குக் கோபப்பட்டால் உலகம் என்ன சொல்லும்? "நல்லாருக்கு" என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து நாற்பது நிமிடத்தில் ஏழு இடத்தில் இறங்கி ஏறினாள். மிதித்த நேரம் பதினைந்து நிமிடம் இருக்கும். கால்வாயின் பக்கமே போகவில்லை. ஈடுகட்டலாம் என்று ஐந்து மணிக்கே கிளம்பிப் பார்த்தாள். "எழுந்துதானே இருக்க, எனக்கு வெந்நியை வச்சுட்டுப் போயிடேன்" என்றாள் மாமியார். பத்து நிமிடம் முன்னால் எழுந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்கும் வீட்டில் வாய் முளைத்தது.

அந்த வியாழக்கிழமை ஜன்னலில்லாத அறையில் சார்ட்டுக்குப் பேனா வைக்கப் போகும் நேரம். குழந்தைகள் வார்டு நர்சு மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அக்கா, அக்கா, சனிக்கிழமை எனக்கு 'ஓ' போட்டுடுங்கக்கா. தம்பி ஊர்ல இருந்து வர்றான். ரயிலடிக்குப் போகணும்."

"எத்தனை மணிக்கு வண்டி?"

"சாயங்காலம் ஆறுக்கா."

"அப்ப காலை டூட்டி பாத்துட்டுப் போ. ரெண்டரைக்கு விட்டுடறேன். ஆட்டோ பிடிச்சா அரை மணி. வண்டி வர்றதுக்கு முன்னாடி பிளாட்பாரத்தைக் கூட்டிப் பெருக்கலாம் நீ."

நர்சு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாள். அவள் போன சூட்டில் ஆபரேஷன் தியேட்டர் நர்சு எட்டிப் பார்த்தாள். உள்ளேகூட வரவில்லை.

"சனிக்கிழமை நான் வரமாட்டேன் சார்ட்டு."

"சரி."

பென்சில் தன்னால் 'ஓ' போட்டது. போட்ட பிறகுதான் கை நின்றது.

பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறாள். காரணம் சொல்கிறவளுக்கு லீவு கிடையாது. காரணம் என்று ஒன்றை மேஜையில் வைத்தால், அந்தக் காரணத்தை வேறு எப்படியாவது தீர்த்துவைத்துவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளலாம். காரணம் சொல்லாமல் வரமாட்டேன் என்று போகிறவளை என்ன செய்ய முடியும்? பிடிக்கக் கைப்பிடியே இல்லையே. நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் இந்த வித்தையைக் காட்டியவள், தன் கட்டத்தில் தானே அடைப்புக்குறி போட்டுக் காரணத்தை எழுதி, கதவிலும் ஒட்டியிருக்கிறாள்.

அன்று மாலை சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தாள். கரண்டியை வைத்துவிட்டு, உட்காராமல் நின்றபடியே.

"நாளையில இருந்து காலையில எந்த வேலையும் சொல்லாதீங்க. நான் கால்வாய்ப் பக்கம் போகணும்."

"கால்வாய்ப் பக்கம் என்ன இருக்கு?" என்றார் புருஷன்.

"ஒண்ணுமில்ல. சும்மா போகணும்."

"சும்மாவா?"

"சும்மாதான். எனக்குப் போகணும்னு இருக்கு."

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். மாமியார் மெல்லுவதை நிறுத்தினாள். "இருட்டு பிரியறதுக்குள்ள சும்மா போறதுக்கு அங்க யாரு இருக்கா?" என்றாள். பெரிய அர்த்தம் எதுவும் வைத்துக் கேட்கவில்லை. ஆனால் கேட்டது கேட்டதுதான்.

"அம்மா, நீ வேற" என்று புருஷன் சிரித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி நிதானமாக, லிப்ட் வாடிக்கையாளருக்கு விளக்குகிற குரலில் பேசினார். "இங்க பாரு. உனக்கு வேண்டியது மிதிக்கிறது. கால்வாய்ப் பக்கம் மிதிச்சா என்ன, பால் கடைப் பக்கம் மிதிச்சா என்ன? சர்க்கரைக்கு ரோடு தெரியுமா?"

அவளிடம் பதில் இருந்தது. பாலத்து இறக்கம், நீட்டிய கால், நாய். அதை எந்தப் பேச்சில் எடுத்துச் சொல்வது? நாற்பத்தாறு வயதுக்காரி, வீட்டில் சரியாக நடக்க முடியாத மாமியாரை வைத்துக்கொண்டு, காலை நீட்டிச் சிரித்தேன் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். மூன்று முகங்களும் காத்துக்கொண்டிருந்தன.

"இல்ல, நடுவுல நிறுத்தாம மிதிச்சாத்தான் சர்க்கரை குறையுமாம்" என்றாள். "டாக்டர் சொன்னார்."

"அதைச் சொல்லு! அதை விட்டுட்டு சும்மா சும்மாங்கறியே" என்று புருஷன் நிம்மதியாகச் சாப்பாட்டுக்குத் திரும்பினார். மறுபடியும் காரணம். அதுவும் இந்த முறை தன் வாயாலேயே.

இருந்தாலும் நான்கு நாள் விட்டுவைத்தார்கள். நான்கு நாளும் கால்வாய். ஐந்தாம் நாள் அவளுக்கே தெரியாமல் நீரேற்று நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அங்கே சாலை வளைந்து ஒரு நாற்றுப் பண்ணைக்குள் நுழைகிறது என்பது இத்தனை வருடம் தெரியாது. வரிசை வரிசையாகச் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடம் நின்று பார்த்தாள். திரும்பி வரும்போது மணி ஆறு பதினைந்து.

வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், ஒரு பாதம் ஈரத் துணியில் சுற்றியிருந்தது. மருமகளைக் காணோமே என்று ஊன்றுகோலோடு தானே அடுக்களைக்குப் போய் வெந்நீர் வைத்து இறக்கியிருக்கிறாள். கை நடுங்கி, பாத்திரம் சாய்ந்து, புறங்காலில் கொட்டிவிட்டது. பெரிய காயமில்லை. ஒரு எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம்.

யாரும் அவளைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்: பத்தடி தள்ளி நீங்க ரெண்டு பேரும் தூங்கிக்கிட்டுத்தானே இருந்தீங்க? புருஷன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "பரவால்ல விடு, நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றார். மகள் அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். மாமியார், "என் தலையெழுத்துக்கு நீ என்னடியம்மா பண்ணுவ" என்றாள். மூன்று பேரும் மன்னித்துவிட்டார்கள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு கிடைத்தவள் மேல்முறையீடு செய்ய இடமேது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று ஆட்கள் ஒரு பெரிய சாமானைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். முன்னால் புருஷன், "பாத்து, பாத்து, சுவரு சுவரு" என்று வழிகாட்டிக்கொண்டு. ஓடாத சைக்கிள். சக்கரத்துக்குப் பதிலாக ஒரு இரும்பு உருளை, கைப்பிடியில் சின்னத் திரை. அவர் லிப்ட் பார்க்கும் ஒரு அடுக்குமாடியில் உடற்பயிற்சி அறையைப் புதுப்பிக்கிறார்களாம். பழையதை எடுத்துப் போகச் சொன்னார்களாம்.

"ஒருத்தரும் உன்னை நிறுத்தச் சொல்லல" என்றார், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "உன் உடம்புதான் முக்கியம். நடுவுல இறங்க வேண்டாம், நாய் தொல்லையில்ல, மழை வந்தாலும் கவலையில்ல. நீயே சொன்னியே, நிறுத்தாம மிதிக்கணும்னு."

இடமும் அவரே பார்த்து வைத்திருந்தார். அடுக்களை வாசலுக்கும் மாமியார் அறைக்கும் நடுவே. உட்கார்ந்தால் இடது கண்ணில் அடுப்பு, வலது கண்ணில் கட்டில். ஒரு அங்குலம் இப்படி அப்படி நகர்த்திச் சரிபார்த்தார். மகள் போனைக் கைப்பிடியில் நிறுத்தி ஒரு படம் ஓடவிட்டாள். எங்கேயோ ஒரு நாட்டில் மரங்களுக்கு நடுவே ஒரு சாலை. "இதப் பாத்துக்கிட்டே ஓட்டும்மா. நிஜமாவே ரோட்டுல போற மாதிரி இருக்கும்."

"குக்கர் சத்தம் வந்தா இறங்கி அணைச்சுட்டு மறுபடி ஏறிக்கலாம்" என்றாள் மாமியார். "இது நல்ல ஏற்பாடு."

மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்தபோது மாடிப்படிக்கு அடியில் பச்சை சைக்கிளைக் காணோம். சங்கிலியைப் பூட்டிய கம்பி மட்டும் இருந்தது. அவள் மேலே ஓடிவந்து, "சைக்கிளைக் காணோம்!" என்றாள்.

"எங்க போகும்? அத்தானுக்குக் குடுத்துட்டேன்" என்றார் புருஷன். அத்தான் என்பது நாத்தனாரின் வீட்டுக்காரர். வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு ஆறு மாதமாக வீட்டோடு இருப்பவர். "சும்மா நின்னா துருதானே பிடிக்கும்? அவரும் ரத்தக் கொதிப்புன்னு சொல்லிக்கிட்டிருந்தார்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேக்கறதுக்கு என்ன, உனக்குத்தான் வேற வந்துடுச்சே?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அதுதான் அவளை உட்கார வைத்தது.

தினமும் மிதித்தாள். ஒரு நாள் விடவில்லை. வேறு என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு, அடுப்பையும் கட்டிலையும் பார்த்துக்கொண்டு, "ஏம்மா, ஜன்னலைச் சாத்து", "அம்மா, என் சாக்ஸ் எங்க", "என்னங்கறேன், பேப்பர் வந்துடுச்சா" எல்லாவற்றுக்கும் மிதித்துக்கொண்டே பதில் சொன்னாள். திரையில் எண்கள் ஏறின. மொத்தம் நானூற்றுப் பத்து கிலோமீட்டர் என்று ஒருநாள் காட்டியது. அடுக்களை வாசலிலிருந்து ஒரு முழம் நகரவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. சராசரி ஆறு புள்ளி ஒன்பது. டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டார்.

"பிரமாதம்! ஊசியே வேண்டாம். என்ன செஞ்சீங்க?"

கூட வந்திருந்த புருஷன் பதில் சொன்னார். இயந்திரம் வந்த கதை, இடம் பார்த்த கதை, படம் ஓடும் கதை. டாக்டர் ரசித்துக் கேட்டார். "இப்படி ஒரு குடும்பம் அமையணும்க்கா. நான் என் பேஷண்டுகளுக்கெல்லாம் உங்க கதையைச் சொல்லப் போறேன். வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். இரண்டு ஆண்களும் அன்போடு அவளைப் பார்த்தார்கள். சர்க்கரை குறைந்துவிட்டது. கேட்ட நேரம் கிடைத்தது, கேட்ட சைக்கிள் கிடைத்தது. இனி என்ன குறை என்று சொல்ல?

"ஒண்ணுமில்ல டாக்டர்."

அடுத்த மாதம் புதிய வார்டு திறந்தார்கள். கூடுதலாக இருபது நர்சுகளைச் சேர்த்துச் சார்ட்டை மறுபடி அடியிலிருந்து போட வேண்டியிருந்ததால், ஒரு வாரம் ஆறு மணி பஸ்ஸுக்கே கிளம்பினாள். அந்த பஸ் கால்வாய்ச் சாலை முனையில் நிற்கும். இரண்டாவது நாள் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது நீரேற்று நிலையத்துப் பக்கமிருந்து பச்சை சைக்கிள் வந்தது. முழங்கால் இரண்டும் கைப்பிடியில் இடிக்க, முதுகை வளைத்து, தவளை மாதிரி மிதித்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்காரர்.

"அட, தங்கச்சி! பஸ்ஸுக்கா?" காலை ஊன்றி நின்றார். நெற்றியில் வேர்வை, முகத்தில் குளிர்ச்சி.

"ஆமாண்ணா. பால் வாங்கவா?"

"பாலா?" அவர் வேடிக்கையாகச் சிரித்தார். "அதுக்கு உன் நாத்தனார் போவா. நான் எக்சர்சைஸுக்கு வந்திருக்கேன்மா, இதுல போய் பால், தயிர்னு... முதல் நாளே சொல்லிட்டேன், காலையில என்னை ஒண்ணும் கேக்காதேன்னு."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவா? சரின்னா." கைப்பிடியைத் தட்டிக் கொடுத்தார். "நல்ல வண்டிம்மா. அந்தப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணை இருக்கு தெரியுமா? நீ பாத்திருக்க மாட்ட. அங்க போய் ரெண்டு நிமிஷம் நின்னா மனசே லேசாயிடுது. முட்டிதான் கொஞ்சம் பிடிச்சுக்குது, வயசாச்சோ என்னமோ."

"வயசு இல்லண்ணா. சீட்டு இறக்கமா இருக்கு. நீங்க நெட்டை. முட்டி போயிடும்."

"ஏத்தலாமா அதை? ஸ்பேனர் வேணுமே."

"வேண்டாம். இறங்குங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சீட்டுக்கு அடியில் இருந்த பிடியைத் திருப்பினாள். பழகின கைக்கு அது உடனே இளகியது. சீட்டைப் பிடித்து மேலே இழுத்தாள். கம்பி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. இத்தனை நாள் உள்ளேயே இருந்த பகுதி, கீறல் விழாமல் பளபளவென்று.

"ஏறிப் பாருங்க."

ஏறிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா."

இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். அந்த உயரத்தில் அவள் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது, மிதிக்கும் எட்டாது. உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடியை இறுக்கினாள். ஆடுகிறதா என்று சீட்டை ஒருமுறை அசைத்தும் பார்த்தாள். ஆடவில்லை.

"ஆகா, எனக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு!" என்றார் அவர். காலை நன்றாக நீட்டி மிதித்துக்கொண்டு பாலத்துப் பக்கம் போனார்.

பஸ் வந்தது. சார்ட்டக்கா கையில் ஒட்டியிருந்த கிரீஸைப் பைக்கு அடியில் துடைத்துக்கொண்டு ஏறினாள்.